திரையில் முளைத்த குன்று

மேசை போலத் தட்டையாக இருக்க வேண்டிய மனை, கம்ப்யூட்டர் திரையில் அடிபட்ட மண்டை மாதிரி நடுவில் வீங்கியிருந்தது.

ஆபீசில் எல்லோரும் 'கோடு' என்று கூப்பிடும் வரைபடக்காரன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். வீக்கம் வற்றவில்லை. சர்வேயர் எடுத்த அளவுகளைப் போட்டால் நிலத்தை அப்படியே திரையில் எழுப்பிக் காட்டும் என்றுதான், வரைபட மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் அந்த ப்ளகினை வாங்கச் சொல்லியிருந்தான். சொன்னது அவன். வாங்கியது முதலாளி. மூன்று மணிக்கு, வீடு கட்டப்போகும் பல் டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சர்வேயருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை.

"என்னப்பா அது, ஒட்டகமா?" பின்னால் முதலாளி.

"அளவுல ஏதோ தப்பு சார். தேய்ச்சுடறேன்."

தேய்க்க ஓர் இலவச ப்ளகின் கிடைத்தது. மேடு தேயவில்லை, நாலா பக்கமும் சரிந்து அழகான குன்றாகிவிட்டது. மண்ணை வெட்ட இன்னொன்றை இறக்கினான். அது வெட்டிய வெட்டில், மனை மேல் அவன் வரைந்திருந்த வீடு ஜன்னல் வரை உள்ளே போனது.

"நான் வீடு கேட்டேன். நீ கிணறு தர்றே."

வெட்டியதை ரத்து செய்தான். மூன்று ப்ளகின்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. குன்று இரண்டு மடங்கு உயர்ந்தது. வீடு அதன் உச்சியில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டாக்டரம்மா.

கோடு திரையை மறைத்து நின்றான்.

"தள்ளுப்பா."

தள்ளினான். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னவர், யாரும் சொல்லாமலே தன் வாயைத் திறந்தார்.

"குன்று மேல வீடா! சின்ன வயசு ஆசைங்க! நான் வாங்கினப்போ அங்க மேடே இல்லையே?"

"அது... கருவி வச்சுப் பார்த்தாத்தான் மேடம் தெரியும்" என்றான் கோடு.

"எதையும் மாத்தாதீங்க. குறிப்பா அந்தக் குன்றை." கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து படத்தை ரசிக்க ஆரம்பித்தார்.

முதலாளி கோட்டின் காதோரம் குனிந்தார். "உனக்கு வேலை நிரந்தரம். குன்றுக்கு நான் எங்கடா போவேன்?"

சட்டையெல்லாம் மண்ணாக சர்வேயர் உள்ளே வந்தார். முகத்தில் அப்படியொரு வெற்றிக்களை.

"போன் எடுக்க முடியல சார், காலையிலேர்ந்து சைட்டுல ஒரே சண்டை. நான் அளக்கப் போனப்பவே பக்கத்து மனைக்காரன் அவன் தோண்டின மண்ணையெல்லாம் நம்ம இடத்துல மலை மாதிரி குவிச்சு வச்சிருந்தான். விடுவேனா? கடைசிக் கூடை வரைக்கும் அள்ள வச்சுட்டுத்தான் வந்தேன்!"