கோட்டுக்குள் இருப்பது யார்

சிரஞ்சீவி மைத்துனனுக்கு,

அத்தான் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், சமையலறைக் கூரையைத் தவிர. அதுவும் இன்று மாலையிலிருந்து நலம். உன் புத்தகக் கடையை மதிய வேளையில் அக்கா வந்து பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். "வீட்டை யார் பார்ப்பது?" என்று ஒரே வரியில் பதில் எழுதி, உறையை ஒட்டியும் வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எல்லாம் நீ கொடுத்தனுப்பிய ஆங்கில நாவலால் வந்த வினை. நூறு வருஷத்துக்கு முந்தைய கதையாம். காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் முடிந்துவிடுகிறது, அதிலும் பாதி ஒருத்தி ஜன்னலோரம் நின்று யோசிப்பதிலேயே போகிறது. பிறகு செத்துப்போன அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் ஆபீசுக்குப் போய் அவன் நாற்காலியில் உட்காருகிறாள். எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள். வீடு திரும்பிக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, கோட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று அவளுக்கே தெரியவில்லை. "கோட்டு போட்டா ஆளே மாறிடுமா? நல்லா காதுல பூ சுத்துறாங்க," என்றேன். உன் அக்கா புத்தகத்தை மூடினாள். "நாளைக்கு ஒரு நாள் நீங்க நானா இருங்க. நான் நீங்களா இருக்கேன்."

இன்று காலை என் சட்டை, என் மூக்குக்கண்ணாடி, என் சாய்வு நாற்காலி எல்லாம் அவளுடையது. தொண்டையைக்கூட என்னைப் போலவே செருமினாள். நான் அடுப்படிக்குப் போனேன், டீத்தூளைத் தேடுவதற்குள் பால் பொங்கிற்று, பாலைத் துடைப்பதற்குள் கூரை என் தலையில் சொட்டிற்று, தலையைத் துவட்டுவதற்குள் "என் துண்டு எங்க?" என்று கூடத்திலிருந்து குரல், போய்ப் பார்த்தால் துண்டு அவள் தோளிலேயே கிடக்கிறது, திரும்பி வந்தால் "டீ என்னாச்சு?" என்று மறுபடியும் குரல். யாருடா இந்த மனுஷன், உயிரை வாங்குகிறானே என்று பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த மனுஷன் நான்தான்.

அத்தோடு விட்டாளா? வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, என் குரலில், "கூரை ஒழுகுது. இன்னைக்கே ஆள் அனுப்புங்க," என்றாள். "உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப" என்று இத்தனை வருஷமாக நான் குழைந்துகொண்டிருந்த அதே வீட்டுக்காரர், "சரிங்க சார்" என்றார். ஆள் வந்து, கூரையும் சரியாகிவிட்டது. கரண்டியும் கையுமாக நின்ற எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது, மைத்துனா. இப்படி ஒருத்தி என் வீட்டு அடுப்படியில் இருந்திருக்கிறாள், நான் அவளிடம் துண்டு கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னைவிட நன்றாக நானாக இருக்கத் தெரிந்தவளுக்கு உன் கடை எம்மாத்திரம்? திங்கட்கிழமை வருவாள். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். டீத்தூள் இருக்கும் இடமெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் குறைவில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: தம்பி, இதுவரை எழுதியது நான், அக்கா. பொழுது சாய்ந்தும் அவர் சட்டையைக் கழற்ற மனசு வரவில்லை, அதனால் கடிதத்தையும் அவராகவே எழுதிப் பார்த்தேன். பால் பொங்கியது நிஜம், கூரை நிஜம். மெய்சிலிர்த்ததெல்லாம் என் ஆசை. அத்தான் அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஒட்டிய உறையும் கிழியாமல் மேசை மேலேயே இருந்தது. பொய்யை அனுப்ப மனசில்லாமல், அவரை எழுப்பி இதை அவரிடமே கொடுத்தேன். என் மூக்கிலிருந்த கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு படித்தார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "இவ்வளவும் எனக்குள்ளயா இருந்துச்சு?" என்றார். கீழே கையெழுத்துப் போட்டார். பழைய உறையை எடுத்து, பிரிக்காமலே இரண்டாகக் கிழித்தார். பிறகு அடுப்படிக்குப் போய், டீத்தூள் எங்கே என்று கேட்டார்.