ஒட்சிசன் காக்காவின் வெள்ளிக்கிழமைப் பஞ்சு

எங்கள் ஊரில் மீனைக் கொல்ல வேண்டுமென்றால் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பார்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து, அதுவும் கண்ணாடிக்குள் வைத்து, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கொல்லத் தெரிந்தவர் கல்முனைக் கரையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் ஒட்சிசன் காக்கா. அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

உம்மாவும் வாப்பாவும் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தபால்காரனுக்கே அது மறந்துபோயிற்று. வாயைத் திறந்தால் "ஒட்சிசன் காணா" என்பார், பிராணவாயு போதாது என்று. மீன் வாயைப் பிளந்தாலும் ஒட்சிசன் காணாது, அடுப்பு புகைந்தாலும் ஒட்சிசன் காணாது, ஜும்ஆவில் பிரசங்கம் நீண்டு பின்வரிசைக்காரர்கள் தூங்கி வழிந்தாலும் ஒட்சிசன் காணாது. விஞ்ஞானத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு அவர் போட்ட ஆட்டம் கொஞ்சமில்லை.

சூறாவளி அடித்து ஊரில் பாதிக் கூரை பறந்துபோன காலத்துக்குப் பிறகு எங்கள் ஆண்பிள்ளைகள் சவூதிக்குப் பறக்கத் தொடங்கினார்கள். காக்காவும் டிரைவர் வேலை என்று போனார். போன இடத்தில் அரபி அவரைக் காரில் ஏற்றவில்லை, வீட்டு மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வைத்தான். வருடம் நிறையுமுன் திருப்பியும் அனுப்பிவிட்டான். ஏன் அனுப்பினான் என்று காக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வீட்டு மீன்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால் காரணம் தானாக விளங்கும்.

கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வீட்டில் அவனுடைய மதிப்பு அவன் என்ன கொண்டு வருகிறான் என்பதில் இருக்கிறது. மற்ற மருமக்கள் கசற் ரேடியோவும் கம்பளியும் அத்தர் போத்தலுமாக வந்து இறங்கினார்கள். காக்கா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான் முன்வரிசையில் நின்றேன். பெட்டியைத் திறந்தார். உள்ளே காற்றடிக்கும் சின்ன மோட்டார் ஒன்றும், நடுவில் வெள்ளைக் குழாய் செருகிய கறுப்புப் பஞ்சு ஒன்றும் இருந்தன.

காக்காவின் மாமியார் பழைய காலத்து மனுஷி. மருமகன் முன்னால் வரமாட்டார். எதுவானாலும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் கேட்பார்.

"புள்ள, அது என்னவாம்? சட்டி வெளக்குறதாமா?"

"இல்ல உம்மா, மீனுக்காம்," என்றார் ராத்தா. காக்காவின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"மீன் கழுவுறதுக்கா?"

"மீன் இரிக்கிற தண்ணியக் கழுவுறதுக்காம்."

திரைச்சீலை ஒருதரம் அசைந்தது. பிறகு சொன்னது: "தண்ணியக் கழுவுறதுக்கு ஒருத்தர் சவூதிக்குப் போய் வந்திரிக்காரு."

விறாந்தையைத் தாண்டியதும் உள்ள பெரிய அறையில் தொட்டி ஏறியது. கொழும்பிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறித் தங்கமீன்கள் வந்து சேர்ந்தன. வருகிறவன் போகிறவனையெல்லாம் இழுத்து நிறுத்திக் காக்கா வகுப்பெடுத்தார்.

"பஞ்செண்டு எல்லாத்தையும் போடேலா தம்பி. பஞ்சுட கண்ண, அந்த ஓட்டையப் பாக்கணும். கண் சின்னண்டா அடைச்சிரும், பெரிசெண்டா ஊத்த தங்கா. தொட்டிக்கு ஏத்த பஞ்சு, பஞ்சுக்கு ஏத்த காத்து. கூடக் காத்தடிச்சா மீன் களைச்சிரும், குறைஞ்சா ஒட்சிசன் காணா."

பொய் சொல்லக்கூடாது, இதெல்லாம் சரிதான். அரபி சொன்னதை அப்படியே ஒப்புவித்தார். குழாயில் குமிழிகள் மேலே கிளம்பும்போது தொட்டித் தண்ணீரும் பஞ்சுக்குள்ளால் இழுபட்டு மேலே போகும். அழுக்கு பஞ்சில் தங்கிவிடும். இதோடு அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் நானும் இதை எழுத வேண்டி வந்திராது. பஞ்சில் தங்கிய அழுக்கை அவரால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அவர் அப்படி ஒரு சுத்தக்காரர். தொழுகைக்கு ஒளு எடுத்தால் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் முடியும்.

வெள்ளிக்கிழமைக் காலையில் காக்காவும் குளிப்பார், பஞ்சும் குளிக்கும். சவுக்காரம் போட்டுத் தேய்த்து, ஒளுவில் போல மூன்று தரம் கழுவி, முறுக்கிப் பிழிந்து, ராத்தாவின் உடுப்புகளுக்கு நடுவில் கொடியில் காயப்போடுவார். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அதற்கு ஒரு சொட்டு அத்தரும் பூசினார். அந்தப் பெருநாளில் எங்கள் தெருவில் முதலில் போன உயிர் ஆடோ மாடோ இல்லை.

சனிக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். "ஒட்சிசன் காணா!" என்று காக்கா தெருவுக்கு ஓடி வருவார். கரண்ட் வேறு நினைத்த நேரத்தில் போகும். அப்போது குழாயில் சைக்கிள் பம்பை மாட்டி அடிப்பார். கை ஓய்ந்தால் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிடுவார். கந்தோருக்குப் போக வெளுத்த சேர்ட் போட்டுக்கொண்டு நின்றவன், கண்டவன் மீனுக்குக் காற்றடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அந்த வீட்டுப் படலையடியில் தெருப் பூனைகள் வந்து உட்கார்ந்திருக்கும். காக்கா அவற்றை ஏமாற்றியதே கிடையாது.

பள்ளிவாசல் மௌலவியிடமும் போனார். பஞ்சில் படியும் வழுவழுப்பு மார்க்கப்படி அசுத்தமா, நஜீஸா, எத்தனை தரம் கழுவினால் சுத்தமாகும் என்று கேட்டார். மௌலவி பொறுமைசாலி. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மீனுக்குத் தொழுகையும் இல்ல, ஒளுவும் இல்ல. அத உட்டுட்டு நீங்க விடியச் சுபஹுக்கு வாங்க."

மனிதர் திருந்தினாரா? ஒரு பஞ்சு காணாது என்று முடிவு கட்டினார். இளைய மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்காருவதற்கென்று மாமியார் புதுச் செற்றி வாங்கி வைத்திருந்தார். அதன் மெத்தையைக் கிழித்து, தலையணை அளவில் ஒரு துண்டு அறுத்துத் தொட்டிக்குள் இறக்கினார். அது மிதந்தது. மிதந்தால் தாழ்க்க வேண்டும் அல்லவா? அம்மிக்குழவியைக் கட்டித் தாழ்த்தினார். அடிக்கண்ணாடி வெடித்துத் தொட்டித் தண்ணீர் முழுவதும் அறைக்குள்ளால் ஓடி, மாமியார் லுஹர் தொழுதுகொண்டிருந்த பாய் வரைக்கும் போயிற்று.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு எழும்பிய மாமியார் திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"புள்ள, அவருக்கிட்டச் செல்லு. நோம்புக்கு முதல் மாப்பிள்ள ஊட்டார் வாறாங்க. அண்டைக்கு ஒரு மீன் செத்து மெதந்தாலும் தொட்டி கிணத்தடிக்குப் போகும். தொட்டிக்குப் பின்னால ஆரும் போறண்டாலும் போகட்டும்."

காக்காவின் முகம் வெளிறிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், அந்த வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது என்று சொல்ல அந்தத் தொட்டியை விட்டால் வேறொன்றும் இல்லை. அதுவும் போனால் மனிதர் எந்த முகத்தோடு அங்கே சோறு தின்பார்?

கண்ணாடி மாற்றினார், புது மீன்கள் விட்டார். மீன்கள் சாகக்கூடாது என்ற பயத்தில் வெள்ளிக்கு வெள்ளி கழுவிய பஞ்சைத் தினமும் கழுவத் தொடங்கினார். பூனைகள் எங்கும் போகாமல் படலையடியிலேயே படுத்துக்கொண்டன.

அல்லாஹ் அந்த மீன்கள்மேல் இரக்கம் வைத்துக் காக்காவுக்குக் கொப்புளிப்பானை அனுப்பினான். மேலெல்லாம் கொப்புளம். அவரை ஓர் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். சோறு, தண்ணீர், வேப்பிலை எல்லாம் யன்னலால் போயின.

"புள்ள! பஞ்சு கழுவினயா?" என்று உள்ளேயிருந்து கத்துவார்.

"ஓம், ஓம், கழுவினன்," என்பார் ராத்தா, மா இடித்துக்கொண்டே. அவர் அதைத் தொடவே இல்லை.

பஞ்சு கபில நிறமாகி வழுவழுத்துப் போயிற்று. தண்ணீரோ நாளுக்கு நாள் தெளிந்தது. ஒரு மீனும் மேலே வந்து வாய் பிளக்கவில்லை. பூனைகள் வெறுத்துப்போய் மீன் சந்தைப் பக்கம் குடிபெயர்ந்தன. காரணத்தைப் பிறகொரு காலம் கொழும்பில் மீன் விற்பவர் ஒருவர் எனக்குச் சொன்னார். அந்த வழுவழுப்பு உயிருள்ளதாம். மீன் கழிவிலுள்ள நஞ்சை அதுதான் தின்று தீர்க்குமாம். அடைத்தால் மட்டும், தொட்டியிலிருந்து அள்ளிய தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டுமாம். காக்கா சவுக்காரம் போட்டுக் கொன்றுகொண்டிருந்தது அதைத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா சவளக்கடைப் பக்கம் வயல் வைத்திருந்த பெரிய போடியார். தைத்துச் சரிக்கட்டிய செற்றியில் உட்காரச் சொன்னால் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பெண்ணையும் கேட்கவில்லை, வீட்டையும் பார்க்கவில்லை. வாய் பிளந்து மீனையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து ஒரு சத்தம்:

"புள்ள! ஒண்டும் மௌத்தாகல்லியே?"

சாவுப் பேச்சுக் காதில் விழுந்ததும் போடியார் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆருகா மௌத்து?"

திரைச்சீலைதான் பதில் சொன்னது. உள் அறைக்கும் நல்லாகக் கேட்கட்டும் என்று உரத்துத்தான் சொன்னது.

"அது எங்கட மூத்த மருமகன்ட சத்தம். சவூதில இதுதான் அவருக்கு வேல. மீனெண்டா அவருக்கு உசிரு. வருத்தத்துல கிடந்தும் அதத்தான் கேக்காரு."

போடியார் தலையை ஆட்டிவிட்டு, "இப்பிடி ஒரு மருமகன் இரிக்கிற ஊட்டுல பொண்ணெடுக்கலாம்," என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. உள்ளே காக்கா வேப்பிலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுததாக ராத்தா பிறகு சொன்னார்.

குணமாகி எழும்பி, கழுவாமல் கிடந்த பஞ்சைக் கண்டவர் செய்த முதல் வேலை என்னைக் கூப்பிட்டு வகுப்பெடுத்ததுதான்.

"நான் முந்தியே நல்லாக் கழுவி வெச்சதாலதான் தம்பி, பஞ்சு இவ்வளவு நாளும் தாக்குப் புடிச்சிரிக்கி. இனி ரெண்டு மடங்கு கழுவணும்."

எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருந்தது. ராத்தா முட்டவில்லை. சவூதியிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி அதே மாதிரி இன்னொரு பஞ்சு எடுப்பித்தார். கொப்புளிப்பான் வந்த கையைத் தொட்டிக்குள் வைக்கக்கூடாது, நான் கழற்றித் தருகிறேன், நீங்கள் கழுவித் தாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை ராத்தா நீட்டியது இரண்டாவது பஞ்சு. அது தொட்டித் தண்ணீரைக் கண்டதே இல்லை. வியாழக்கிழமை பின்னேரம் ராத்தா அதைக் கிணற்றடிச் சேற்றில் போட்டு உரசுவதை வேலியால் கண்டேன்.

"தம்பி, அல்லாஹ்வுக்காக வாயத் தொறந்திராதீங்க," என்றார்.

நான் திறக்கவில்லை. ஒருவன் தும்மினால் மருந்து சொல்ல ஓடிவரும் எங்கள் தெரு முழுவதற்கும் அது தெரிந்திருந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை. மீன்கள் உள்ளங்கை அளவுக்குக் கொழுத்து வளர்ந்தன. காக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மீனை நெடுநாள் வாழவைக்கும் பஞ்சு கழுவும் முறையை ஊருக்குச் சொல்லித் திரிந்தார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருடங்கள் போய் ஒரு வெள்ளிக்கிழமை. கிணற்றடியில் சவுக்கார நுரையோடு நின்றவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு விஷயம். ஆருக்கிட்டயும் செல்லப்படா. உங்கட ராத்தா வியாழனுக்கு வியாழன் இந்தப் பஞ்சச் சேத்துல போட்டு உரசுறா. கண்ணால கண்டன்."

"ஏனெண்டு கேக்கல்லியா காக்கா?"

"ஏன் கேக்கிற? எனக்குக் கழுவ ஊத்த காணாதெண்டு நினைக்கா போல. பாவம், அவ்வளவு பாடுபட்டு உரசுறா. நானும் அவள்ட மனம் நோகாம கழுவிக் குடுத்துக்கிட்டிரிக்கன்."

சொல்லிவிட்டு மூன்றாம் தரமும் கழுவி, பிழிந்து, கொடியில் போட்டார்.

பேயன், சுத்தப் பேயன். அன்றைக்குப் பிறகும் அந்த மனிதரை நான் கிண்டல் பண்ணாத நாளில்லை. வேறு யாராவது பண்ணினால் மட்டும் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.