சிறுத்தை வருது: ஐந்து நட்சத்திரம்

ஒரு காட்டில் பிலோமி என்றொரு சருகுமான் இருந்தாள். தலைச்சன் குட்டி பிறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. குட்டியைப் புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டுத்தான் மேயப் போக வேண்டும். சருகுமான்களின் வழக்கம் அது. போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். சிறுத்தை எங்கே இருக்கிறதென்று செல்போன் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படி ஒரு செயலி செய்ய ஆசைப்பட்டு, பக்கத்துப் பொந்து முள்ளம்பன்றி அண்ணனிடம் யோசனை கேட்டாள்.

“அதான் ஏற்கெனவே இருக்கே தங்கச்சி! ‘சிறுத்தை வருது’ன்னு பேரு. அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம். இருக்கிறதையே எதுக்கு மறுபடி செய்யணும்? போய்ப் பிள்ளையப் பாரு.”

பிலோமி அதைப் போனில் இறக்கிப் பார்த்தாள். உண்மைதான். ‘இதுவரை ஒரு குறையும் இல்லை’ என்று புள்ளிமான் எழுதியிருந்தாள். ‘கவலையே போச்சு’ என்று காட்டுக்கோழி எழுதியிருந்தாள்.

“அண்ணே, புள்ளிமானக்காவ இப்பல்லாம் காணோமே?”

“வேற காட்டுக்குப் போயிருப்பா.”

“காட்டுக்கோழி?”

“அவளும்தான். குறை இருந்தா எழுதியிருக்க மாட்டாங்களா?”

செயலி விவரம் கேட்டது. குட்டிக்கு என்ன வயது, எந்தப் புதர், தாய் எப்போது மேயப் போவாள். எல்லாம் பாதுகாப்புக்காகத்தானாம். பிலோமி எதையும் நிரப்பவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

“சொல்லுங்க மேடம்” என்றது ஒரு கனத்த குரல்.

“இதச் செஞ்சது யாருங்க?”

“நான்தான், சிறுத்தை. சிறுத்தை எங்க இருக்குன்னு என்னைவிட யாருக்கு மேடம் தெரியும்?”

“பாத்தியா, துறையிலேயே ஊறினவர்!” என்று பூரித்தார் அண்ணன்.

பிலோமி போனை வைத்தாள். ஏற்கெனவே இருக்கிற செயலியையே தானும் செய்வதென்று முடிவெடுத்தாள். அவளுடையது புதர் எதுவென்று கேட்காது. மர உச்சியில் மந்திகள் சிறுத்தையைக் கண்டு குரல் கொடுத்தால், எல்லார் போனும் அலறும். அவ்வளவுதான். இலவசம் என்பதால் காடே இறக்கிக்கொண்டது.

போன் அலறியது. எல்லாரும் ஓடினார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்து கருத்து எழுதினார்கள். ‘நிம்மதியாக மேய விடுவதில்லை.’ ‘கர்ப்பிணிகள் தவிர்க்கவும்.’ ‘ஓடியதில் கால் சுளுக்கிவிட்டது, வைத்தியச் செலவை யார் தருவார்?’ ‘சிறுத்தை செய்த செயலியில் இந்த இரைச்சலே கிடையாது’ என்று எழுதியது அண்ணன்தான். ஆளுக்கொரு நட்சத்திரம், அதற்கு மேல் ஒருவரும் தரவில்லை.

குட்டி அந்த அலறலிலேயே வளர்ந்தது, கால் உறுதியானது, சொந்தமாகப் போனும் வாங்கிக்கொண்டது. அதுவும் ஒரு நட்சத்திரம்தான் போட்டது: ‘எங்கம்மா செய்தது. அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.’

பிலோமி அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் புதர் புதராகப் பெருமையோடு காட்டிக்கொண்டு திரிந்தாள்.

நீதி: ஐந்து நட்சத்திரம் வேண்டுமென்றால், குறை சொல்லக்கூடியவர்களை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும்.