மிலூத் மாமா பைப்புக்குப் பெயின்ட் அடித்த விவகாரம்

அர்ஸேவ்
திங்கட்கிழமை, மைசா தூங்கும் நேரம்

பெருமதிப்புக்குரிய கைரா அத்தைக்கு,

உங்கள் நெற்றியில் முத்தமிட்டு மருமகள் வசீலா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கருணையால் உங்கள் மகன் நதீர் இங்கே நலம். பேத்தி மைசாவுக்குக் காதுவலி போய்ப் பல்வலி வந்திருக்கிறது. அதையும் நலம் என்றே எடுத்துக்கொள்ளவும். இன்றைக்கு அதற்காகவே நான் லீவு போட்டிருக்கிறேன். உங்கள் முழங்காலும், இரத்த அழுத்தமும், தையல் மெஷினும் தொந்தரவின்றி ஓட துஆ செய்கிறேன். நீங்கள் கண்ணாடியைக் காணோம் என்று சொல்லி இந்தக் கடிதத்தைச் சமீராவிடம்தான் கொடுப்பீர்கள். ஆகவே நாத்தனார் சமீராவுக்கும் என் சலாம். சமீரா, ஒரு வரியையும் தாண்டக் கூடாது. ஏற்ற இறக்கம் எதையும் நீயாகச் சேர்க்கவும் கூடாது.

உடனே எழுதியிருக்க வேண்டும், பிந்திவிட்டது. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும், "யாரு, இன்ஜினியர் அம்மாவா? எங்களுக்குப் பைப் ஒண்ணும் வேண்டாம்மா" என்று வைத்துவிட்டீர்கள். சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தால் மைசா எழுந்துவிடுகிறாள். ஈறு ஊறுவதால் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். இதற்கு முன் எழுதிய கடிதத்தில் பாதி அவள் வயிற்றுக்குள் இருக்கிறது. மை விஷமா என்று டாக்டருக்குப் போன் போட்டேன். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க முதல்ல மூச்சை இழுத்து விடுங்க" என்றார். விட்டேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தம்பி மிலூத் மாமாவை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன், அற்பக் கையெழுத்து ஒன்றுக்காகக் குடும்ப மானத்தை வாங்குகிறேன் என்று வெள்ளிக்கிழமை இரவே நீங்கள் சொன்னதாக நதீர் சொன்னார். அத்தை, அந்தக் கையெழுத்தை நான் போடப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை மாமா வாயால் மட்டுமே கேட்டிருப்பீர்கள், இனி என் வாயாலும் கேளுங்கள்.

மாமா தலைவராக இருக்கும் பைப் யார்டில்தான் நான் தரம் பார்க்கிறேன், அது உங்களுக்குத் தெரியும். அங்கே இரண்டு வகைக் குழாய் இருப்பது தெரியாது. இரண்டுமே சீம்லெஸ். தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிய குழாய் அல்ல. முழு இரும்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, நடுவில் துளைத்து இழுத்தது. உடம்பில் தையலே கிடையாது. உங்கள் தொழிலுக்கு ஜென்ம விரோதி. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே கனம், தட்டினால் ஒரே சத்தம். ஒன்று சாதாரண வேலைக்கு. மற்றது கடுங்குளிருக்கு. நதீர் வேலை செய்யும் ஆலையில் எரிவாயுவைக் குளிரவைக்கப் புரொப்பேன் ஓடுகிறதே, அந்தக் குழாய் மைனஸ் நாற்பதுவரை போகும். அந்தக் குளிரில் சாதாரண இரும்புக்குக் குணமே மாறிவிடும். வெயிலில் வளைந்து கொடுத்தது அங்கே ஒரு தட்டுக்குப் பிஸ்கட் மாதிரி உடையும். குளிருக்கென்றே செய்த குழாய் மட்டும் அடி வாங்கினாலும் நசுங்கும், இழுபடும், உடையாது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் குளிர்க் குழாய்க்கு நெடுக நீலக்கோடு, சாதாரணக் குழாய்க்கு வெள்ளைக்கோடு, பக்கத்தில் அச்சடித்த எழுத்து. இவ்வளவுதான் ஏற்பாடு. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆளுநர் வருகிறார் என்ற செய்தி வரும்வரை.

ஆளுநர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். போன தடவை உங்கள் தெருப்பக்கம் வந்தபோது, பெயின்ட்காரர்கள் கடை வாசல் அத்திமரத்துக்கு இடுப்புவரை சுண்ணாம்பு அடித்து, கீழே தூங்கிக்கொண்டிருந்தவரின் செருப்புக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்களே. அதே வியாதி மாமாவுக்கும் பிடித்துவிட்டது. மைசாவின் காதுவலிக்காக நான் லீவில் இருந்தேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனால் யார்டு கண்ணைப் பறிக்கிறது. விளிம்புக் கல்லுக்குச் சிவப்பும் வெள்ளையும். கொடிக்கம்பத்துக்குப் புது வெள்ளை. அடுக்கிவைத்த குழாய் அத்தனைக்கும் தலை முதல் கால்வரை சாம்பல் நிறம். கோடு இல்லை, எழுத்து இல்லை. பெயின்டர் குவீதர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு நிற்கிறான்.

"குவீதர், இதுல இருந்த கோடெல்லாம் எங்க?"

"கோடா? யாரோ கிறுக்கி வெச்சிருந்தாங்கக்கா. ஒரு தடவை அடிச்சா தெரிஞ்சுது, விடலையே, ரெண்டாவது தடவையும் அடிச்சேன். இப்பப் பாருங்க, ஒண்ணாவது தெரியுதா?"

தெரியவில்லை அத்தை. உண்மையிலேயே நல்ல வேலைக்காரன். நான் போட்ட கூச்சலில் மாமா கையில் டீ கிளாஸோடு ஓடிவந்தார். "கோடுதானே மகளே? இதுக்கா அழற? போட்டுட்டாப் போச்சு. டேய் குவீதர், கோடு போடுடா!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நானும் தலையைப் பிடித்துக்கொண்டு பழைய சான்றிதழ்களைத் தேட ஆபீசுக்குள் போய்விட்டேன். என் தப்பு அதுதான், அங்கேயே நின்றிருக்க வேண்டும். வெளியே வந்தால் ஒன்று நீலம், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், ஒன்று வெள்ளை என்று யார்டு கல்யாணப் பந்தல் மாதிரி நிற்கிறது. "எந்தக் குழாய்க்கு எந்தக் கோடுன்னு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குக்கா? ஒரே கலரா அடிச்சா கண்ணை உறுத்தும்னு சீஃப் சொன்னாரு" என்றான். மாமா தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு லட்சணமா இருக்கு பாத்தியா!" லட்சணமாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆளுநரும் வந்தார். யார்டைத் தாண்டும்போது கார் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மறுநாள் ஆலையிலிருந்து குளிர்க் குழாய் கேட்டு லாரி வந்தது. என்னிடமும் ஒரு கையெழுத்து, மாமாவிடமும் ஒரு கையெழுத்து வாங்காமல் யார்டை விட்டு ஒரு துண்டு இரும்பும் வெளியே போகாது. மாமா தன்னுடையதைப் போட்டுவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

"நீலமெல்லாம் குளிருக்கு, வெள்ளையெல்லாம் சாதா. போடு."

"மாமா, நீலம் அடிக்கச் சொன்னதே நீங்கதானே?"

"யார் அடிச்சா என்ன மகளே? நீலம் நீலந்தானே!"

அந்த லாரி எங்கே போக நின்றது தெரியுமா அத்தை? நதீர் வால்வு திருப்ப ஏறி நிற்கிற மேடை இருக்கிறதல்லவா, அதற்கு நேர் மேலே ஓடுகிற பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது மாட்டப்போகிறார்கள். அதில் ஒன்று சாதாரணக் குழாயாக இருந்து, குளிர் ஏறியதும் உடைந்தால், உங்கள் மகன் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது. இதை மாமாவிடம் அப்படியே சொன்னேன். "நீ எல்லாத்துக்கும் பயப்படுற ஆளு. குழந்தை தும்மினதுக்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவதானே!" என்றார். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன். அதுவும் வெறும் தும்மல் இல்லை, தொடர் தும்மல்.

அப்புறம் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் கூஸ்கூஸ் விருந்து. எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது மாமா கதையை ஆரம்பித்தார். நீங்களும், "இரும்புக்குக் குளிருமாமே! ஸ்வெட்டர் பின்னிக் குடுக்கட்டுமா?" என்றீர்கள். ஆட்டுக் கறியைவிட என்னைத்தான் அன்றைக்கு எல்லோரும் நன்றாக மென்றீர்கள். நான் எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். காலையிலேயே உங்கள் ஃப்ரீசரில் ஒரு மெழுகுவர்த்தியைப் போட்டுவைத்திருந்தேன். வெயிலில் வைத்தால் வளையும், உறைந்தால் ஒடியும், எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று கணக்கு. சமீராவைக் கொண்டுவரச் சொல்லி, "இப்பப் பாருங்க மாமா" என்று மேசை விளிம்பில் ஓங்கி அடித்தேன். அது அப்படியே வில் மாதிரி வளைந்து நின்றது. மாமா எழுந்து கைதட்டினார். "ஆஹா, முதல்தரமான குழாய்! கையெழுத்தைப் போட்டுடு!" சிரித்த சிரிப்பில் குழம்பு கவிழ்ந்தது. அத்தை, தர்பூசணிக்கு இடம் போதவில்லை என்று அந்த மெழுகுவர்த்தியை எடுத்து வெயில் அடிக்கிற ஜன்னலில் வைத்தது யார்? சமீரா, இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படி. நான் இருந்த படபடப்பில், கையில் வாங்கியபோது சில்லென்று இருந்ததாக நானே நினைத்துக்கொண்டேன்.

சிரித்தால் சிரியுங்கள் என்று சனிக்கிழமை வார லீவையும் விட்டுவிட்டு யார்டுக்குப் போனேன். இரும்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் கையடக்கக் கருவி ஒன்று இருக்கிறது. இரண்டு வகைக் குழாயையும் அதற்குக் காட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றது. அதையும் குறை சொல்ல முடியாது. ஒரே ரவைதான், சுட்ட பக்குவம்தான் வேறு. பெயின்ட்டைக் கரைக்கும் திரவத்தை ஊற்றித் துடைத்தேன். குவீதரின் சாம்பல் கரைந்தது, அதோடு அடியில் இருந்த கோடும் எழுத்தும் கரைந்து என் கையுறையில் வந்துவிட்டன. உட்கார்ந்து அழலாமா என்று யோசிக்கும்போதுதான், குழாயின் முனையில் இரும்பிலேயே குத்திய எண் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் பெயின்ட் அடைத்துக்கொண்டு படிக்க முடியவில்லை. சுரண்டினேன், அப்போதும் மங்கல். கைப்பையைத் துழாவினேன். மைசாவின் பவுடர் டப்பா வந்தது. அதைத் தூவி உள்ளங்கையால் தேய்த்துத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் பவுடர் நின்று எண் பளிச்சென்று தெரிந்தது! குவீதர் ஒவ்வொரு குழாயாக முகர்ந்து பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான். "அக்கா, இதுங்களுக்கு டயப்பர் எத்தனை மணிக்கு மாத்தணும்?" அந்த எண்களை, குழாய் செய்த ஆலை கொடுத்த சான்றிதழோடு ஒப்பிட்டு, பொருந்திய குழாய்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் பிடிவாதக்காரி இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

மீதிக் குழாய்களில்தான் தகராறு. அவற்றின் முனையை முன்பே யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள், எண் போய்விட்டது. அவை எந்த வகையென்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சிறு துண்டு வெட்டி, நடுவில் ஒரு வெட்டுத் தடம் போட்டு, டிரை ஐஸ் கலந்த ஸ்பிரிட்டில் மைனஸ் நாற்பத்தைந்துக்குக் குளிரவைத்து, பெரிய சுத்தியல் ஊசலால் ஒரே அடி. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, மாமாவை மரியாதையாகப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூப்பிட்டேன். குழாயை அவரையே பொறுக்கச் சொன்னேன். நல்ல நீலமாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினார். சுத்தியல் இறங்கியது. 'டக்'. துண்டு இரண்டாகப் போய் ஒரு பாதி அவர் காலடியில் விழுந்தது. உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மினுங்கியது.

"மெஷின் பழசு" என்றார் மாமா.

எண் இருந்த நல்ல குழாயிலிருந்து ஒரு துண்டை வைத்தேன். அதே சுத்தியல். துண்டு உடையாமல் முறுக்கிக்கொண்டு வளைந்தது.

"இதுவும் அதே மெஷின்தான் மாமா."

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவைக்கூடச் சாத்தாமல் போனவர்தான், இன்னும் என் முகத்தில் விழிக்கவில்லை. நேராக உங்களுக்குத்தான் போன் போட்டிருப்பார்.

அத்தை, நீங்கள் கல்யாணப் பெண்களுக்கு ப்ளூசா என்ற நீள அங்கி தைக்கிறவர். சாயம் போகாது, சுருங்காது என்று கடைக்காரன் குர்ஆன்மேல் சத்தியம் செய்தாலும், ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்து வெந்நீரில் முக்கிப் பார்க்காமல் நீங்கள் துணியில் கத்தரி வைத்ததுண்டா? அதற்காக எந்தக் கடைக்காரனாவது அவன் மானம் போய்விட்டது என்று வந்து நின்றானா? நானும் ஓரத்தில் ஒரு துண்டுதான் வெட்டுகிறேன். உங்கள் துணி ஏமாற்றினால் மணப்பெண் அழுவாள். என் குழாய் ஏமாற்றினால் நீங்களும் நானும் ஒரே ஆளை நினைத்து அழ வேண்டும். அப்போது என்னை மன்னிக்க மாட்டீர்கள், நானும் என்னை மன்னிக்க மாட்டேன். ஆகவே தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எண் இல்லாத குழாய்களில் ஒவ்வொன்றும் சுத்தியலுக்குப் பதில் சொல்லும்வரை என் பேனா மூடியிருக்கும். கூஸ்கூஸுக்கு என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. சமீரா ஆயுள் முழுக்க என்னைப் 'பைப் டாக்டர்' என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை. எனக்குப் பயம் அதிகம்தான். நான் பயப்படுகிற விஷயங்களில் இது ஒன்றாவது பயப்பட வேண்டிய விஷயம்.

அல்லாஹ் உங்கள் கைக்கு வலிமையும், கண்ணுக்கு ஒளியும், உங்கள் தம்பிக்கு நிதானமும் தருவானாக. உங்கள் வாசலுக்கு வரும் மணப்பெண்கள் பெருகட்டும். மைசா உங்கள் கன்னத்தைக் கடிக்க ஆசைப்படுகிறாள். அது முத்தம்தான், பல் வந்துகொண்டிருப்பதால் அப்படி.

மரியாதை குறையாத,
ஆனால் கையெழுத்துப் போடாத மருமகள்,
வசீலா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது நதீர் ஷிஃப்ட் முடிந்து வந்தார். மாமா உங்களுக்குப் போனே செய்யவில்லையாம். பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராக ஆலைக்குப் போய், அந்த மேடையில் ஏறி, நதீர் நிற்கிற இடத்தில் தானும் கொஞ்ச நேரம் நின்று மேலே பார்த்திருக்கிறார். இறங்கி வந்து யார்டுக்குத் தன் வீட்டுப் பூட்டைப் போட்டுவிட்டார். நான் கையெழுத்துப் போட்ட நல்ல குழாய்களுக்கும் இப்போது அவர் கையெழுத்துப் போட மாட்டாராம். "குழந்தைப் பவுடரை நம்பி என் அக்கா பையன் தலைக்கு மேல குழாய் மாட்டுவீங்களா? எண் இருக்கோ இல்லையோ, ஒவ்வொண்ணையும் வெட்டி, என் கண்ணு முன்னாடி அடிச்சுக் காட்டுங்க!" என்று ஆலை முழுக்கக் கேட்கக் கத்தினாராம். அத்தனையையும் அடித்துக் காட்ட வேண்டுமென்றால் மைசாவுக்குக் கடைவாய்ப் பல்லே வந்துவிடும். வேலை நின்றுபோய் ஆலையில் எல்லோரும் என்னைத்தான் குறை சொல்கிறார்களாம். ஆகவே அத்தை, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். தயவுசெய்து உங்கள் தம்பியிடம் பேசி, நல்ல குழாய்களுக்கான அந்தக் கையெழுத்தை அவரைப் போடச் சொல்லுங்கள். நாளைக் காலை நான் மைசாவை இடுப்பில் வைத்துக்கொண்டு யார்டு வாசலில் போய் நிற்கப்போகிறேன். அவர் பூட்டைத் திறக்கும்வரை நகர மாட்டேன். இதை நதீர் கையிலேயே இப்போதே கொடுத்தனுப்புகிறேன், காலைக்குள் நீங்கள் பேசிவிட்டால் குழந்தைமேல் வெயில் படாது.