பினாங்கு போறோம், சாவி எதிர் வீட்டில்

விமான நிலையத்தில் நின்றபடியே "பத்து நாள் பாலி" என்று குடும்பப் படத்தை இணையத்தில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார் என் மருமகன். வீடு பூட்டியிருக்கிறது என்று திருடனுக்கு நாமே சொல்லித்தரணுமா என்று என் மகள் அவரை வறுத்தெடுத்தாள். இணையம் வருவதற்கு முன்பே, ஒரே ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு அவரைவிடப் பெரிய காரியம் செய்தவன் நான்.

எண்பதுகளின் கடைசி. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் புது வீடு, ஜூரோங்கில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலை. சூப்பர்வைசர் பதவிக்கு மேனேஜர் என்னைத்தான் மனதில் வைத்திருந்தார். (அவரே சொன்னார். நான் சும்மா பீற்றிக்கொள்ளவில்லை.) அந்த நேரம் பார்த்துப் பினாங்கில் என் பள்ளிக்கூடச் சிநேகிதனுக்குக் கல்யாணம். ஸ்டாக் எடுக்கும் மாதம், யாருக்கும் லீவு கிடையாது. என் அறிவு விழித்துக்கொண்டது. முதுகுப் பிடிப்பு என்று டாக்டரிடம் போய் முனகி, வெள்ளிக்கும் சனிக்கும் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, வாங்கினேன்.

அதே சனிக்கிழமை பாசிர் ரிஸ்ஸில் ஜெசிந்தா அக்காவின் புது வீட்டு மந்திரிப்பு. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து செபம் சொல்வார், பிறகு சாப்பாடு. அக்கா என் பெரியப்பா மகள். சிநேகிதன் கல்யாணத்துக்காக அவள் விசேஷத்தைத் தவறவிட்டேன் என்று தெரிந்தால் தொலைந்தேன். ஸ்டாக் எடுக்கும் டியூட்டி, நகர முடியாது என்று அவளிடம் சொல்லிவைத்தேன். ஆபீசுக்கு ஒரு பொய், அக்காவுக்கு ஒரு பொய். இரண்டும் சந்தித்துக்கொள்ள வழியே இல்லை.

அந்த வழியை நானே தேக்கா கடைத்தெருவில் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். ஆன்சரிங் மெஷின். நாம் இல்லாதபோது யாராவது போன் செய்தால், நாம் பதிந்து வைத்ததைப் போட்டுக் காட்டிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேசட்டில் பிடித்துவைக்கும். கிளம்பும் முன் பதிவு செய்ய உட்கார்ந்தேன். "வீட்ல இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்," என்றாள் என் மனைவி ரீட்டா. எங்கே, எதற்கு, எப்போது வருவோம் என்று சொல்லாமல் போவது ஒரு மரியாதையா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"வணக்கம். அருள்தாஸ் பேசுறேன். நாங்க சிநேகிதன் கல்யாணத்துக்குப் பஸ்ல பினாங்கு போறோம். ஞாயிறு சாயந்திரம் அஞ்சு மணிக்குத் திரும்பிடுவோம். அவசரம்னா, சாவி எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்கிட்ட இருக்கு."

இதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். தமிழ் தெரியாதவர்கள் ஏமாந்துபோகக் கூடாதே.

பினாங்குக் கல்யாணம் அருமை. இறால் பிரட்டலை மூன்று முறை கேட்டு வாங்கினேன். என் முதுகு டான்ஸ்கூட ஆடியது.

ஞாயிறு ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் கதவு திறந்திருந்தது. சோபாவில் ஜெசிந்தா அக்கா.

"வா தம்பி. டியூட்டி முடிஞ்சுதா?"

பாவம், தம்பி வேலையில் கஷ்டப்படுகிறானே, சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பலாம் என்று சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். திரும்பும் நேரம், சாவி இருக்கும் இடம் எல்லாவற்றையும் நானே விளக்கமாகச் சொல்லியிருந்ததால், சிரமமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். மேசைமேல் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது.

"உன் மேனேஜரும் பேசியிருக்காரு, கேளு," என்று பொத்தானை அமுக்கினாள்.

முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான் அழைத்தாராம் மேனேஜர். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகும் அளவுக்கு நான் தேறிவிட்டதில் அவருக்கு ரொம்ப மகிழ்ச்சியாம். திங்கள் காலை முதல் வேலையாக அவரைப் பார்க்க வேண்டுமாம். அடுத்தது என் பக்கத்து மேசைக் கபூர்.

"டேய் அருள், மேனேஜர் ஸ்பீக்கர்ல போட்டாருடா. ஆபீஸே கேட்டுச்சு. இங்கிலீஷ் நல்லாத்தான் பேசுற லா."

வெட்கத்தில் எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மேனேஜரைக்கூடச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. அந்தக் கேரியரைத்தான் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ரீட்டா அதைத் திறந்து சூடு பண்ணப் போனாள்.

சூப்பர்வைசர் பதவி கபூருக்குப் போனது. அவனிடம் ஆன்சரிங் மெஷின் இல்லை.

போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மகள் அழுதுகொண்டே ஜெசிந்தா அக்காவுக்குப் போன் செய்து, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றாளாம். எண்பது வயது அக்கா கேட்டிருக்கிறாள்:

"கல்யாணம் எந்த ஊர்லம்மா?"