சாக்கு உடை பற்றி மச்சானுக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கையின் நிலைமை உங்களுக்கே தெரியும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். அங்கு அனைவரும் நலமாக இருக்கட்டும்.

"தங்கச்சி படுத்த படுக்கையா கெடக்கா, நீங்க சாக்கைப் போத்திக்கிட்டுப் புதர்ல கெடக்கீங்களாமே மாப்பிள்ளே, அவளை நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்று நேற்று போனில் மரியாதை குறையாமல் திட்டினீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுத்தில்.

இனி மருந்து மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் ஏதோ பறவை இழுத்து இழுத்துக் கத்துவதாக அவள் சொன்னாள். "என்ன பறவைன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்களேன்." கல்யாணமானதிலிருந்து "கதவைச் சாத்துங்க" என்பதைத் தவிர என்னிடம் எதுவும் கேட்காதவள். போனேன். ஒன்றும் அகப்படவில்லை. "இந்த வெள்ளைச் சட்டையோட போனா காக்காகூட நிக்காது, புதரோட புதரா போங்க" என்றாள். அப்படித்தான் இந்த மறைப்பு உடை வேலையில் இறங்கினேன்.

முதலில் பச்சை நைலான் வலை. வெயில் பட்டதும் நகைக்கடை மாதிரி மின்னியது. அடுத்து பிளாஸ்டிக் புல் விரிப்பை வெட்டி முதுகில் கட்டினேன், அடிக்கு அடி சரக் சரக்கென்று சத்தம், யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன். படுத்தபடியே ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத் தள்ளினவள், "சாக்குதான் சரி, நூல் நூலா பிரிச்சுத் தொங்க விடுங்க, ஒரே பச்சையா சாயம் போடாதீங்க, புதர்னா காஞ்சதும் கலந்துதான் இருக்கும்" என்றாள். பாதியைப் பச்சைச் சாயத்திலும் பாதியைத் தேயிலைத் தண்ணியிலும் முக்கிக் காயப் போட்டேன், அதுமேல பக்கத்து வீட்டு நாய் படுத்துக்கிச்சு, அதை விரட்டுறதுக்குள்ள மழை, நனைஞ்ச சாக்கு என்னைவிடக் கனம், இருந்தாலும் மாட்டிக்கிட்டுப் போய்ப் படுத்தேன், எறும்பு ஏறிச்சு, அசையல, அதே நாய் வந்து மோந்து பாத்துக் காலைத் தூக்குச்சு, அசையல, பக்கத்து வீட்டம்மா ஒரு கூடை காய்கறித் தோலைத் தலைமேல கொட்டினாங்க, அப்பதான் "ஏம்மா, இங்க ஆள் இருக்கு"ன்னேன். அவங்க போட்ட கூச்சல்தான் உங்க ஊர் வரைக்கும் வந்திருக்கு.

உள்ளே வந்து சொன்னேன். சிரிச்சா மச்சான். வலிக்குதுன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சா. இந்த வீட்டுல அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாச்சு. அதனால அவளைக் கூட்டிட்டுப் போக வர வேண்டாம். அந்தப் பறவையைப் பாக்காம நான் விடறதா இல்ல.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
சாக்குக்குள் இருந்தாலும் புத்தி கலங்காத,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "பறவையெல்லாம் இல்லீங்க. அந்தப் பக்கத்து வீட்டு இரும்பு கேட்டுக்கு எண்ணெய் போடல, அதான் அப்படிக் கத்துது" என்றாள். பின்னே எதற்கு என்னை அனுப்பினாய் என்றேன். "நாள் பூரா மூச்சு வருதா வருதான்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு." மச்சான், மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். உடனே புறப்பட்டு வாருங்கள். கூட்டிப் போக இல்லை, கூட இருக்க. அவ மூஞ்சியைப் பாக்காம வேற எங்க பாக்கறதுன்னு எனக்குத் தெரியல.