பல்லைப் பார்த்து வாங்கிய போன்

எங்கள் வல்லத்திராக்கோட்டையில் யார் மாடு வாங்கினாலும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தால் போதும், வயதைச் சொல்லிவிடுவேன். (படிப்பு கையெழுத்தோடு சரி. திமிருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?) அந்தத் திமிரோடுதான் புதுக்கோட்டைக்குப் போய்ப் பழைய போன் ஒன்று வாங்கினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். "ஆத்தா, பாக்கத்தான் புதுசு மாதிரி இருக்கு. பேட்டரி தேஞ்சு போச்சு. நாளைக்கு வாங்க, வேற மாத்தித் தாரேன்" என்றார்.

நான் போனைத் திருப்பினேன், தட்டினேன். கண்ணாடியில் கீறல் இல்லை. முதுகு வழவழவென்று இருந்தது.

"வயித்தைக் கிழிச்சு உள்ள மாத்துன மாட்டை யாராச்சும் வாங்குவாகளா? இருக்கிறபடியே குடுங்க."

அவர் கும்பிட்டுக் கொடுத்தார். (மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.)

மறுநாள் இலுப்பூரில் என் மகனுக்குப் பார்த்த பெண்ணுக்குப் பூ வைக்கும் சடங்கு. மகனோ கத்தாரில். அவன் சபைக்கு முன்னால் போனில் முகம் காட்டிச் சம்மதம் சொன்ன பிறகுதான் பூ என்று பெண்ணின் தாய்மாமன் கறாராகச் சொல்லியிருந்தார். அவர்கள் சொந்தத்தில் ஒரு வெளிநாட்டு மாப்பிள்ளை, பூ வைத்த பிறகு 'என்னை யார் கேட்டது?' என்று கைவிரித்துவிட்டானாம்.

"என் போனையும் எடுத்துக்கிறேம்மா" என்றாள் மகள் செல்வி.

"எதுக்கு, எனக்குப் போட்டியாவா? வீட்லயே வையி."

சபை கூடியது. திரையில் மகன் சிரித்தான். பேட்டரி நாற்பது காட்டியது. (எண்ணெல்லாம் தெரியும் எனக்கு.) தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "மாப்ளே, எங்க பிள்ளையக் கட்டிக்கச் சம்மதந்தானே?"

போன் கறுத்துப்போனது.

"என்னங்க இது, கேட்டதும் ஆளைக் காணோம்?" தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். வேறு போனில் கூப்பிடலாமென்றால், மகனின் நம்பர் செத்த போனுக்குள் கிடக்கிறது. எங்களில் ஒருவருக்கும் மனப்பாடமில்லை. செல்வி பார்த்த பார்வைக்குக் காளையே மிரண்டிருக்கும். நான் பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, செத்த போனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

அப்போது அறைக்குள்ளிருந்து கல்யாணப்பெண் மலரே வெளியில் வந்தாள். "மாமா, உக்காருங்க. செத்தது போனுதான், அவரு இல்ல. அத்தே, அதை இங்கிட்டுக் குடுங்க."

நேரே அடுப்படிக்குப் போய், கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் சொருகினாள். சொருகியிருந்தால் போன் பிழைத்தது, கழற்றினால் செத்தது. ஆகவே மொத்தச் சபையும் அடுப்படிக்குள் நெருக்கியடித்து நுழைந்தது. தாய்மாமன் வெங்காயக் கூடைக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டு நின்றார்.

திரையில் வந்த மகன் வேர்த்துக் கிடந்தான். "சம்மதம், சம்மதம்னு கத்திக்கிட்டே இருக்கேன், எல்லாரும் எங்கிட்டுப் போனீக?"

கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தே மலருக்குப் பூ வைத்தோம்.

அந்தப் போன் இப்போது எங்கள் அடுப்படியில், வயரோடு கட்டிக் கிடக்கிறது. இன்றுவரை பேட்டரியை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. (மாற்றினால் கடைக்காரர் ஜெயித்துவிடுவாரே!) நானும் மாட்டுச் சந்தைக்குப் போவதை விடவில்லை. ஆனால் நான் மாட்டின் உதட்டைத் தூக்கும்போதெல்லாம், கூட வரும் மருமகள் மலர், சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கேட்கிறாள்:

"அத்தே, இதுக்கு சார்ஜர் உண்டான்னு கேட்டுட்டீகளா?"